சுகம் பெற்ற சகோதரி கலைமதி

29 ஜூன் 2025, ஞாயிறு

ஆராதனை முடிய மதியம் ஒன்றே கால் ஆகிவிட்டது. அதில் பிரசங்கம் இருபது நிமிடம். மீதி நேரமெல்லாம் பாஸ்டர் ஐயாவின் பிறந்தநாள். மேடையில் மூன்றடுக்குக் கேக், அவர் தலையில் ஒரு ஜிகினாத் தொப்பி, வண்ணத்தாள் வெடிக்கும் குழாய். பிறகு புதுக் கார் வாங்கிய குடும்பத்தை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை. பாட்டெல்லாம் குத்துப்பாட்டு மெட்டு. கண்ணை மூடிக்கொண்டால் சபையில் இருக்கிறேனா கல்யாண மண்டபத்தில் இருக்கிறேனா என்றே தெரியவில்லை.

முன்னால் நாற்காலி, பின்னால் பாய். யார் எதில் உட்கார வேண்டும் என்று எங்கும் எழுதி ஒட்டவில்லை. ஒட்டாமலே எல்லோருக்கும் தெரியும். பதினோரு வருடமாக நான் பாய். ராஜாம்பாள் அக்காவும் பாய். செஞ்சி காந்தி பஜாரில் பூ விற்று விற்று அவளுக்கு முட்டி மடங்காமல் போய்விட்டது, சர்க்கரைக்குத் தினமும் ஊசி வேறு, ஆனாலும் பாய்தான். இன்றைக்கு நானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருக்கா" என்றேன். வாலண்டியர் ஒருவர் சிரித்த முகமாக வந்து எடுத்துக்கொண்டு போனார். "கெஸ்ட் வர்றாங்க சிஸ்டர்."

உலகம் அப்படியே சபைக்குள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது என்று அக்காவிடம் புலம்பினேன். "நீ உன்னப் பாத்துக்க கலை, அவங்கள ஆண்டவரு பாத்துப்பாரு" என்றாள். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பொய் பேசுவதில்லை. சீரியல் பார்ப்பதில்லை. அடுத்தவள் நகையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதில்லை. சரி, எப்போதாவது.

2 ஜூலை, புதன்

அங்கன்வாடியில் எடை பார்க்கும் நாள். பதினெட்டுப் பிள்ளைகள், பதினெட்டு அழுகை. சிங்கவரத்திலிருந்து வரும் பூங்குழலிக்கு ஏழாம் மாதம், இரத்தம் குறைவு. இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிடு என்று பத்தாவது தடவையாகச் சொல்லி அனுப்பினேன்.

6 ஜூலை, ஞாயிறு, காலை

நேற்று மாலை என்ன நடந்தது என்று எழுதிப் பார்த்தால்தான் எனக்கே புரியும் போலிருக்கிறது.

சபை நடத்தும் மூன்று நாள் கூட்டத்தில் இரண்டாம் நாள். பள்ளி மைதானம் நிறைந்த கூட்டம். சென்னையிலிருந்து கோட்டு போட்டுக்கொண்டு வந்த தேவ ஊழியர் பிரசங்கம் பண்ணிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். "சர்க்கரை வியாதியோடு ஒரு சகோதரி இங்கே இருக்கிறாள். இந்த நிமிடம் ஆண்டவர் அவளைத் தொடுகிறார். யார் அது? கையைத் தூக்கு மகளே!"

அந்தக் கூட்டத்தில் சர்க்கரை இருக்கிற சகோதரிகள் இருநூறு பேராவது இருந்திருப்பார்கள். அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அப்போது அழுதுகொண்டிருந்தேன், உடம்பெல்லாம் சூடாக இருந்தது, மகளே என்று அவர் கூப்பிட்டது என்னை மட்டுந்தான் என்று தோன்றியது. கையைத் தூக்கிவிட்டேன்.

மேடைக்கு ஏற்றினார்கள். "இப்போ எப்படி இருக்கு மகளே?" என்று மைக்கை வாயருகே நீட்டினார். "லேசா இருக்குதுங்க" என்றேன். லேசாகத்தான் இருந்தது, அது பொய்யில்லை. "சுகம்!" என்று கத்தினார். மைதானமே கைதட்டியது.

இன்று காலை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். போட்டால் நம்பாதவள். போடாவிட்டால்? போடவில்லை.

9 ஜூலை, புதன்

நாலு நாளாக மாத்திரை இல்லை. நாக்கு வறள்கிறது, பிள்ளைகள் எழுத்துச் சொல்லும்போது கண் மங்குகிறது. என் வீட்டுக்காரர் வீரமணி இழுத்துக்கொண்டு போய் இரத்தப் பரிசோதனை செய்ய வைத்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு. அவர் சபைக்கு வருகிறவர் இல்லை, வேன் ஓட்டுகிறார், அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூருக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போய் அம்மனைக் கும்பிட்டு வருகிறவர்.

"இன்னாமே, உன் ஏசு மாத்திரைய நிறுத்துன்னு சொன்னாரா? இல்ல அந்தக் கோட்டு போட்டவன் சொன்னானா?"

மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். அழுதேன்.

13 ஜூலை, ஞாயிறு

இன்றைக்கு எனக்கு நாற்காலி.

உள்ளே நுழைந்ததும் பாஸ்டரம்மா ஓடி வந்து கட்டிக்கொண்டார். பதினோரு வருடத்தில் என் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே இன்றுதான் எனக்குத் தெரிந்தது. முன்வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு சிவப்பு நாற்காலி. "இங்க உட்காருங்க கலைமதி சிஸ்டர்." வேண்டாம், பாயிலேயே இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

சொல்லவில்லை. உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தேன். பாயிலிருந்து ராஜாம்பாள் அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். பொறாமை ஒரு துளி இல்லாத சிரிப்பு. அதற்குப் பிறகு நான் திரும்பிப் பார்க்கவில்லை.

காற்று நன்றாக இருந்தது. அதையும் எழுத வேண்டும் அல்லவா? நன்றாகத்தான் இருந்தது.

15 ஜூலை, செவ்வாய்

திண்டிவனம் ரோட்டில் பிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். பாஸ்டர் ஐயா படம் பெரிதாக, ஊழியர் படம் அதைவிடப் பெரிதாக, ஓரத்தில் கையைத் தூக்கியபடி வாயைத் திறந்துகொண்டு நான். "சுகம் பெற்ற சகோதரி கலைமதி! பதினான்கு ஆண்டு சர்க்கரை நோய், ஒரே நொடியில் விடுதலை!"

எனக்குச் சர்க்கரை வந்து ஆறு வருடம். யார் பதினான்கு ஆக்கினார்கள்? நான் சொன்னது "லேசா இருக்குது" என்ற ஒன்றுதானே?

போன வாரம் செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே, "கோட்டையும் நீயும் ஒரே வாரத்துல பேமஸ் ஆயிட்டீங்க" என்றார். சிரித்துவிட்டேன். பிறகு சோறு இறங்கவில்லை.

17 ஜூலை, வியாழன்

மாத்திரை அட்டையை வீட்டில் வைக்கவில்லை. சபைக்காரர்கள் ஜெபம் கேட்டு வந்துகொண்டே இருக்கிறார்கள். அங்கன்வாடி பீரோவில், சத்துமாவு பாக்கெட்டுகளுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

21 ஜூலை, திங்கள்

பாஸ்டர் ஐயாவிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டு போனேன். சொல்லியும்விட்டேன். "ஐயா, முந்நூறுக்கு மேல ஏறிடுச்சு. நான் மாத்திரை போட்டுக்கிட்டுதான் இருக்கேன். அந்த போர்டை எடுத்துடுங்க."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "சிஸ்டர், சுகம் ஆரம்பிச்சிடுச்சு, முழுமையா வந்துட்டு இருக்கு. மாத்திரை போடறது உங்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவுல இருக்கிற விஷயம். அதை வெளிய சொல்லி விசுவாசிகளுக்கு இடறல் உண்டாக்க வேணாம்." பிறகு, பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவியாக என்னைப் போடலாம் என்று ஜெபத்தில் உணர்த்தப்பட்டதாகச் சொன்னார். ஆகஸ்ட் பத்தாம் தேதி வேறு சபைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்களாம், அன்றைக்கு எனக்குச் சுகம் வந்த கதையை மேடையில் நான் சாட்சியாகச் சொல்ல வேண்டுமாம்.

டீ குடித்தேன். "ஜெபிக்கிறேங்க ஐயா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வழி முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, பெண்கள் ஐக்கியத் தலைவி என்றால் எந்தச் சேலை கட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இதைப் படித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. எழுதியதை அடித்துவிடவும் மனம் வரவில்லை.

24 ஜூலை, வியாழன். ஆடி அமாவாசை

வீட்டுக்காரர் விடியற்காலையிலேயே வேனை எடுத்துக்கொண்டு மேல்மலையனூருக்குப் போய்விட்டார். மழை வருகிற மாதிரி மூட்டம். பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில் இதை எழுதுகிறேன்.

பூங்குழலி வந்தாள். கண் இமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளைவெளேரென்று இருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறாயா என்றால் தலையைக் குனிந்துகொள்கிறாள். கத்திவிட்டேன். "உனக்கு எத்தன வாட்டிடீ சொல்றது?"

"நீங்களே மாத்திரய வுட்டுட்டீங்களாமே டீச்சர். போர்டுல போட்டிருக்குது. எங்க மாமியாருதான் சொன்னாங்க, அந்த டீச்சரு மாதிரி சாமிகிட்ட கேளு, மாத்திர இன்னாத்துக்குன்னு."

அவர்கள் கும்பிடுகிற சாமி வேறு. ஆனாலும் போர்டு எல்லோருக்கும்தானே தெரிகிறது.

என் பின்னால், பத்தடி தூரத்தில், பீரோவுக்குள் என் மாத்திரை. எடுத்துக் காட்டியிருக்கலாம். "அதெல்லாம் வேற, நீ சாப்பிடு" என்று சொல்லி அனுப்பினேன். வேற என்றால் என்ன வேற?

27 ஜூலை, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ராஜாம்பாள் அக்கா காத்துக்கொண்டிருந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு கஷ்டப்பட்டு என் முன்னால் மண்டியிடப் பார்த்தாள். பதறிப்போய்த் தூக்கினேன்.

"கலை, என் தலையில கைய வெச்சு ஒருவாட்டி ஜெபம் பண்ணேன். உனக்கு வந்த சுகம் எனக்கும் வரும்ல?"

சுற்றி நாலைந்து பேர். பாஸ்டரம்மா பார்த்துக்கொண்டிருந்தார். கையை வைத்தேன். ஜெபித்தேன். குரல்கூட ஊழியர் குரல் மாதிரியே ஏற்றி இறக்கி வந்தது. "வரும்க்கா" என்றேன்.

ஊசியை நிறுத்திவிடாதே என்று காதோடு சொல்லியிருக்கலாம். நினைத்தேன். அவள் அப்படியெல்லாம் செய்யமாட்டாள், விவரமானவள் என்று நினைத்துக்கொண்டேன்.

30 ஜூலை, புதன்

அக்கா இரண்டு நாளாகப் பூக்கடைக்கு வரவில்லையாம். போய்ப் பார்க்க வேண்டும்.

31 ஜூலை, வியாழன்

போகவில்லை. பார்த்தால் எங்கே கேட்டுவிடுவேனோ, கேட்டால் எங்கே சொல்லிவிடுவாளோ.

2 ஆகஸ்ட், சனி

போய்விட்டது எல்லாம் போய்விட்டது.

காலையில் அக்காவின் மருமகள் சுமலதா ஓடி வந்தாள். அவள் செருப்புக் கம்பெனி பஸ்ஸுக்கு ஆறு மணிக்கே கிளம்பிவிடுகிறவள், அத்தை ஊசி போட்டாளா இல்லையா என்று எப்படிப் பார்ப்பாள்? "டீச்சர், அத்தய எழுப்பினா எழுந்திருக்கல. வாய்ல நொர."

வீட்டுக்காரர்தான் அக்காவை வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். சர்க்கரை பார்க்கும் மெஷினில் எண்ணே வரவில்லையாம், அளவு தாண்டிவிட்டது என்று மட்டும் காட்டியதாம். இங்கே உப்புநீர் பாட்டில் ஏற்றி, நூற்றெட்டு வண்டியில் முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

ஆறு நாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆறு நாள் ஊசி போடவில்லை. பக்கத்து வீட்டு பிரிட்ஜில் வைத்த மருந்து அப்படியே இருக்கிறது. சுமலதா என்னைத் திட்டவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். "ஊசி போடலியான்னு நேத்து கேட்டேன் டீச்சர். கலைக்கு வந்தது எனக்கு வராதான்னு சிரிச்சாங்க."

ஐயோ ஆண்டவரே. நான் இன்னா பண்ணிட்டேன். நான் இன்னா பண்ணிட்டேன்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

சபைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரி வராண்டாவில் சுமலதாவோடு உட்கார்ந்திருந்தேன். மதியம் பாஸ்டரம்மா போன் செய்தார். "ராஜாம்பாள் சிஸ்டருக்கு விசுவாசத்துல ஒரு சோதனை. சபையா ஜெபிச்சோம். நீங்க தளர்ந்துடாதீங்க, பத்தாம் தேதி இருக்கு."

போனை வைத்துவிட்டேன். இத்தனை வருடம் கேக்கையும் மெட்டையும் காரையும் குறை சொல்லிக்கொண்டு இருந்தேன். அதனால் யாருக்கும் மயக்கம் வரவில்லை. என்னால் வந்தது.

5 ஆகஸ்ட், செவ்வாய்

கண் விழித்துவிட்டாள். உள்ளே ஐந்து நிமிடம் விட்டார்கள். கையில் ஊசி, மூக்கில் குழாய். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததுதான் தாங்க முடியவில்லை.

"மன்னிச்சிடு கலை, எனக்கு விசுவாசம் பத்தல" என்றாள்.

சொன்னேன். அவள் காதருகே குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குச் சுகம் வரவில்லை. நாலே நாள்தான் நிறுத்தினேன். அதற்குப் பிறகு ஒரு வேளைகூட விடவில்லை. உன் தலையில் கை வைத்த அன்றைக்கும் காலையில் மாத்திரை போட்டுக்கொண்டுதான் வந்தேன்.

"நீ மாத்திர போட்டுக்கினே ஏன் என் தலையில கைய வெச்ச?" என்றாள்.

சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நர்ஸ் வந்து வெளியே போகச் சொன்னார்.

7 ஆகஸ்ட், வியாழன்

சாட்சி சொல்வதாக பாஸ்டர் ஐயாவுக்குப் போன் செய்தேன். "ஸ்தோத்திரம்" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இதுவும் ஒருவகை ஏமாற்றுதான் என்று தெரிகிறது. முன்னாலேயே சொன்னால் மேடை ஏறவிடமாட்டார்.

முதல் வேலையாகப் பூங்குழலி வீட்டுக்குப் போனேன். என் மாத்திரை அட்டையைக் காட்டினேன். அவள் மாமியார் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப போர்டுல போட்டது பொய்யா?" என்றார். "பொய்தாங்க" என்றேன். முதல் தடவையாக அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னேன். ரொம்பக் கஷ்டமாக இல்லை.

10 ஆகஸ்ட், ஞாயிறு, மாலை

வந்ததும் நோட்டை எடுத்துவிட்டேன். எழுத்து கோணலாக வரும்.

ஐந்நூறு பேருக்குமேல் கூட்டம். வெளிச் சபைக்காரர்கள், வீடியோ கேமரா, பூப் போட்ட மேடை. என் பெயரைச் சொல்லும்போதே கைதட்டல். போனேன். சேலைத் தலைப்பில் முடிந்திருந்த மாத்திரை அட்டையை எடுத்து உயர்த்திப் பிடித்தேன்.

"எனக்குச் சர்க்கரை போகல. பதினாலு வருஷமும் இல்ல, ஆறு வருஷம். இந்த மாத்திரைய இன்னிக்குக் காலையிலயும் போட்டுக்கினுதான் வந்தேன்."

இவ்வளவுதான் மைக்கில் போனது. பாஸ்டர் ஐயா சவுண்ட் பாக்ஸ் பக்கம் ஒரு பார்வை பார்த்தார், மைக் செத்துவிட்டது. கீபோர்டுக்காரர் பாட்டு வாசிக்க ஆரம்பித்தார்.

பதினெட்டுப் பிள்ளைகளை அடக்குகிற தொண்டை எனக்கு. மைக் எதற்கு? கத்தினேன். ராஜாம்பாள் அக்கா ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், என் பொய்யால் கிடக்கிறாள், ஐயாவிடம் உண்மையைச் சொன்னேன், அவர் மறைக்கச் சொன்னார், மறைத்தது நான்தான், நாற்காலி கிடைத்தது அதனால் மறைத்தேன், யாரும் மாத்திரையை நிறுத்தாதீர்கள், ஊசியை நிறுத்தாதீர்கள். என்னென்ன வரிசையில் சொன்னேன் என்று நினைவில்லை. ஆண்டவர் சுகமாக்கமாட்டார் என்று நான் சொல்லவில்லை, என்னைச் சுகமாக்கவில்லை என்று சொன்னேன். இதை இரண்டு தடவை சொன்ன ஞாபகம்.

பாஸ்டரம்மா என் முழங்கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். நகம் பதிந்தது. "பிசாசுக்கு இடம் குடுத்துட்டீங்க" என்றார். கைதட்டிய கூட்டம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வெளியே செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது பாய்ப் பக்கத்துப் பெண்கள் மூன்று பேர் பின்னாலேயே வந்தார்கள். ஒருத்திக்கு பிரஷர் மாத்திரை, நிறுத்தி இருபது நாள். இன்னொருத்திக்குத் தைராய்டு. மூன்றாமவள் அழுதாள். திங்கட்கிழமை காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், நான் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

13 ஆகஸ்ட், புதன்

சபை மூப்பர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். மூன்று மாதம் சபைக்கு வர வேண்டாமாம். அமைதியாக இருந்து ஜெபிக்க வேண்டுமாம். இடறல் உண்டாக்கினேனாம்.

வீட்டுக்காரர் வாசல்வரை போய் அவர்களுக்குச் செருப்பைக் காட்டிவிட்டு வந்தார். கழற்றி அல்ல, எங்கே கிடக்கிறது என்றுதான். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ பேசினத வீடியோல பாத்தேன்" என்றார்.

எனக்குச் சபை வேண்டும். இதை அவரிடம் சொன்னால் புரியாது. கோபம் எல்லாம் போக, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கே போவது என்று தெரியாமல் இருப்பது எவ்வளவு பயமாக இருக்கிறது!

18 ஆகஸ்ட், திங்கள்

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். இடது கண் மங்கல், சிரிஞ்சில் கோடு தெரியவில்லை. காலையில் சுமலதா இருப்பதில்லை. யார் போடுவது என்ற பேச்சு வந்தபோது, நான் போடுகிறேன் என்றேன். நர்ஸிடம் கற்றுக்கொண்டேன். சுமலதா சரி என்றாள். அக்கா எதுவும் சொல்லவில்லை.

22 ஆகஸ்ட், வெள்ளி

காலை ஏழு மணிக்குப் போகிறேன். போடுகிறேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். வருகிறேன். ஒரு வார்த்தை இல்லை.

26 ஆகஸ்ட், செவ்வாய்

இன்றும் இல்லை. ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு மணை போட்டிருந்தது. சுமலதா போட்டிருப்பாள்.

31 ஆகஸ்ட், ஞாயிறு

பக்கத்து வீட்டிலிருந்து மருந்தை எடுத்து, உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கி, கோடு பார்த்து இழுத்தேன். அக்கா வயிற்றுச் சேலையை விலக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"ஞாயித்துக் கெழம" என்றாள். இருபத்தாறு நாளைக்குப் பிறகு முதல் பேச்சு.

"ஆமாக்கா."

"ஜெபம் பண்ணிட்டுப் போடு."

ஏற்றி இறக்கிப் பேசுகிற அந்தக் குரல் எங்கே போனது என்று தெரியவில்லை. கையில் ஊசியை வைத்துக்கொண்டு என்ன கேட்பது?

"ஆண்டவரே, இந்த மருந்து வேலை செய்யட்டும்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"ஆமென்" என்று சொல்லிவிட்டு அக்கா சேலையை விலக்கினாள். போட்டேன். பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே, "இன்னிக்கு வலிக்கல" என்றாள்.